நான் பார்த்தால் ஏறுகிறது

ஆகஸ்ட் 4, திங்கள்

இவரை வீட்டுக்குக் கூட்டி வந்தாகிவிட்டது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து உடுமலை வரை கார்க்காரர் ஒவ்வொரு வேகத்தடைக்கும் நின்று நின்று ஓட்டினார். அப்படியும் இவர் தலையணையை நெஞ்சோடு கட்டிக்கொண்டே வந்தார். இருமல் வந்தால் தலையணையை அணைத்துக்கொண்டுதான் இரும வேண்டும், இல்லாவிட்டால் அறுத்துச் சேர்த்த நெஞ்செலும்பு விட்டுக்கொள்ளும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

பள்ளியில் எனக்கு நீண்ட லீவு கொடுத்துவிட்டார்கள். எட்டாம் வகுப்புக்கு யார் போகிறார்களோ. வருஷாவருஷம் அங்கே இலவசமாகக் கொடுக்கும் டைரியில் இதுவரை முதல் பக்கம் மட்டும்தான் எழுதியிருந்தேன். சுகந்தி, வரலாற்று ஆசிரியை. இனி மிச்சப் பக்கங்களுக்கும் வேலை வந்துவிட்டது.

கிளம்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "அடைப்புக்கெல்லாம் மாத்துக் குழாய் வெச்சாச்சும்மா. இனிமே பிரஷர் ஏறாமப் பாத்துக்கறது உங்க பொறுப்பு." என் பொறுப்பு என்றார். எனக்கு அது பிடித்திருந்தது.

சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு, புது மிஷினைப் பெட்டியிலிருந்து எடுத்து, "வலக்கையக் குடுங்க" என்றேன். எங்கள் அம்மா வீட்டில் எதையும் இடக்கையில் தொடங்க விடமாட்டார்கள். பட்டை இறுகி, தளர்ந்து, எண் வந்தது. நூற்று நாற்பத்தெட்டு.

"பிரயாண அலுப்பா இருக்குங்க" என்றேன்.

"ம்" என்றார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலையில் வாசல் தெளித்துக்கொண்டிருக்கும்போதே நாகமணி ஸ்கூட்டியில் வந்துவிட்டாள். இவருடைய மாமன் மகள். பக்கத்து ஊர் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் வீட்டுக்காரர் பொள்ளாச்சியில் தேங்காய் மண்டி வைத்திருக்கிறார்.

"டியூட்டிக்குப் போற வழிதானுங்கக்கா. மச்சானுக்குப் புண்ணுக்கு மருந்து வெச்சுப்போட்டு அப்படியே போயிருவேன்."

இவரை மச்சான் என்கிறாள். என்னை அக்கா என்கிறாள். முறைப்படி இரண்டும் சரி.

நான் வெந்நீர் வைத்துக்கொண்டு திரும்பும்போது இவர் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். நேற்று நான் தையலைப் பார்க்கட்டுமா என்று கேட்டபோது "அப்பறம் பாக்கலாம்" என்று கழுத்துப் பித்தானையும் சேர்த்துப் போட்டுக்கொண்டவர். கதவருகிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். வெந்நீர் கையில் சுட்டது.

மருந்து வைத்து முடித்ததும் ஸ்டூலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். வெளிச்சம் அங்கேதான் இருக்கிறதாம். அந்தப் பக்கக் கையில் பட்டையைச் சுற்றி, அவள் மண்டிக் கணக்குப்பிள்ளை போன வாரம் ஆட்டோவில் மாமியாரை மறந்து விட்டுவந்த கதையைச் சொல்லிக்கொண்டே பிரஷர் பார்த்தாள்.

"நூத்திப் பதினெட்டுங்கக்கா. காலேஜ் பையனாட்ட இருக்குதுங்க."

"நேத்து நூத்தி நாப்பத்தெட்டு இருந்துச்சே."

"சுகந்தி பாத்தா அப்படித்தான் புள்ள இருக்கும்" என்றார் இவர். "பரிச்சை ஹால்ல நிக்கறாப்பல நிப்பா."

மூன்று பேரும் சிரித்தோம். நான் கொஞ்சம் பிந்திச் சிரித்தேன்.

ஆகஸ்ட் 6, புதன்

நூற்று ஐம்பத்திரண்டு. எடுத்தது நான்.

ஆகஸ்ட் 9, சனி

உப்பில்லாச் சமையல் பழகிக்கொண்டிருக்கிறேன். அரிசியும் பருப்பும் சேர்த்து ஆக்கிய சாதத்தில் பூண்டும் சீரகமும் அதிகமாகப் போட்டேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளினார். அப்பளம் கேட்கவில்லை, ஊறுகாய் கேட்கவில்லை. எதையும் கேட்காமல் தட்டைத் தள்ளுவதற்கு ஒரு திறமை வேண்டும்.

நாகமணி வந்தாள். "எலுமிச்சம்பழம் புழிஞ்சு குடுத்துப் பாருங்கக்கா" என்றாள். பிழிந்து கொடுத்தேன். முழுசாகச் சாப்பிட்டார். எலுமிச்சம்பழம் எனக்கும் தெரியும். முந்தாநாள் நான் பிழிய எடுத்தபோது வேண்டாம் என்றார்.

மிஷின் மேல் சந்தேகம் வந்து மருந்துக் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் தன் கையிலேயே போட்டுப் பார்த்துவிட்டு, "மிஷினுக்கு ஒண்ணுமில்லீங்க டீச்சர்" என்றார். அது போதாமல் நாகமணி அவளுடைய மிஷினையும் கொண்டுவந்து, அதே ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டிலும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அவளுடையதில் நூற்றுப் பதினாறு. என்னுடையதில் நூற்றுப் பதினெட்டு.

"மிஷின் செரியாத்தானுங்க இருக்குது" என்றாள். மீதியை அவள் சொல்லவில்லை.

இவருக்கும் நாகமணிக்கும் ஒரு காலத்தில் பேசி வைத்திருந்தார்கள். ஜாதகம் சேரவில்லை என்று விட்டுவிட்டார்கள். கல்யாணமான புதிதில் மாமியார் பேச்சுவாக்கில் சொன்னது. எனக்கும் இவருக்கும் பத்தில் எட்டுப் பொருத்தம். இரத்த அழுத்தம் அந்த எட்டில் இல்லை போலிருக்கிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நானும் பட்டையைச் சுற்றும்போது ஒரு கதை சொல்லிப் பார்த்தேன். எங்கள் தலைமையாசிரியர் சுதந்திர தினத்துக்குக் கொடியைத் தலைகீழாக ஏற்றிவிட்ட கதை. நல்ல கதைதான்.

"பேசாம இரு. பிரஷர் பாக்கறப்பப் பேசக்கூடாதுன்னு அட்டையில போட்டிருக்குது" என்றார்.

நாகமணி மூச்சுவிடாமல் பேசுகிறாள்.

நூற்று ஐம்பது.

போன மாதம் குளியலறைக் கதவைத் தள்ளித் திறந்து, இவர் சுருண்டு கிடந்ததைப் பார்த்தது நான். தன்னை மறந்து எல்லாம் போயிருந்தது. கழுவிவிட்டு, வேட்டி மாற்றிவிட்டு, ஆம்புலன்ஸ் வரும் வரை தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தது நான். நாகமணி வந்தது எல்லாம் முடிந்து, வார்டுக்கு மாற்றிய பிறகு, ஆப்பிள் வாங்கிக்கொண்டு. இதையெல்லாம் யாரும் எங்கேயும் குறித்து வைப்பதில்லை. மிஷினுக்கும் தெரியாது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

தாரணி கல்லூரி விடுதியிலிருந்து பேசினாள். "அம்மா, நீ டென்ஷன் பார்ட்டி. உன்னைப் பாத்தா அப்பாவுக்கும் டென்ஷன் ஆகும். நாகமணி சித்தியே பிரஷர் பாக்கட்டும், விடு."

மகளிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கோயம்புத்தூரில் முதல் செக்கப். காத்திருக்கும் இடத்தில் இவரைப்போலவே நெஞ்சில் தலையணையோடு நான்கு பேர். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு மனைவி, மடியில் மருந்துப் பை. எல்லோரும் ஒரே சாயல்.

உள்ளே ஒரு பெண் இவரை உட்காரவைத்து, இடக்கையில் பட்டை கட்டிப் பிரஷர் பார்த்து, டாக்டரிடம் நூற்று இருபது என்றாள். டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"வீட்ல எவ்வளவும்மா இருக்கு?"

"நூத்தி இருபதுக்குள்ளதாங்க சார் இருக்குது" என்றேன்.

"குட். இதே மாத்திரை போதும்."

பொய் இல்லை. வீட்டில் நூற்று இருபதுக்குள்தான் இருக்கிறது, காலையில் நாகமணி பார்க்கும்போது. மத்தியானம் நான் பார்ப்பதைச் சொன்னால், ஏன் இரண்டு கணக்கு என்று கேட்பார். ஏன் என்றால், நான் என்று சொல்ல வேண்டும். இவரை வைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணை வைத்துக்கொண்டு. கட்டிய மனைவி பக்கத்தில் வந்தால் முப்பது புள்ளி ஏறுகிறது என்பதை எந்த முகத்தோடு சொல்வது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பட்டறைக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வரலாம் என்று டாக்டர் சொன்னதிலிருந்து இவர் முகம் தெளிந்திருக்கிறது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இவருடைய பட்டறை. கிணற்று மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுவது. சாப்பிடுவது வலக்கை என்றாலும் பட்டறை வேலைக்கு இவருக்கு இடக்கைதான் வாகு. உடுமலையில் பாதித் தோட்டத்து மோட்டார் இந்த இடக்கையால் ஓடுகிறது என்று கல்யாணத்தன்று யாரோ சொன்னார்கள்.

இன்று நாகமணி கேட்டாள். "மச்சானுக்கு இடக்கை சீக்கிரம் அசந்துபோகுதாமுங்களே, சில்லுன்னு இருக்குதாமுங்களே. உங்ககிட்டச் சொல்லலீங்களாக்கா?"

"சொன்னாரு" என்றேன்.

சொல்லவில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை பிடித்தேன், வெல்லம் அளவாகப் போட்டு. நாகமணியும் ஒரு டப்பாவில் கொண்டுவந்தாள், காரக் கொழுக்கட்டை, உப்பில்லாமல் இஞ்சி தட்டிப் போட்டு.

"இதுக்கு முன்னால ஓட்டல்காரன் தோத்தான் போ" என்றார் இவர், அவளுடையதைத் தின்றுகொண்டு. அவள், "அக்கா கொழுக்கட்டையும் எடுங்க மச்சான், அப்பறம் எனக்கு இந்த ஊட்டுல காப்பித்தண்ணி கெடைக்காது" என்றாள். அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். எனக்காகப் பரிந்து பேசுகிறாள் என்பதுதான் பொறுக்கவில்லை.

வாசல் வரை கூடப் போய்ச் சொன்னேன். "இனிமே நீ சிரமப்பட வேண்டாம் நாகமணி. புண்ணெல்லாம் ஆறிருச்சு. பிரஷர் நானே பாத்துக்கறேன்."

"எனக்கென்னுங்க சிரமம், போற வழிதானுங்களே…" என்று ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "செரிங்கக்கா" என்றாள். ஸ்கூட்டி முதல் உதையில் கிளம்பவில்லை. அந்தச் சத்தம் எங்கள் இரண்டு பேருக்கும் சங்கடமாக இருந்தது.

ஆகஸ்ட் 30, சனி

"நாகமணி வல்லையா?"

"டியூட்டி மாத்திட்டாங்களாம்."

கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு செய்தித்தாளை எடுத்துக்கொண்டார்.

வலக்கையைக் கொடுத்தார். நூற்று ஐம்பத்தாறு.

செப்டம்பர் 3, புதன்

துவைத்த காலுறைகளை நிழலில் காயப்போட்டேன். காலிலிருந்து நரம்பு எடுத்த இடம் வீங்காமல் இருக்க, இறுக்கமான நீளக் காலுறை போட்டுவிட வேண்டும். அதைப் போட்டுவிடுவதற்குப் பத்து நிமிஷம் ஆகிறது. என் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஒரு நாளில் எனக்குப் பிடித்த பத்து நிமிஷம் அது.

நூற்று ஐம்பத்தெட்டு காட்டியது. "எவ்வளவு?" என்றார்.

"நூத்தி இருபத்தி நாலு."

"பரவால்லயே" என்றார். என்னைப் பார்த்துச் சிரித்தார். அவள் வராமல் போன பிறகு இதுதான் முதல் சிரிப்பு. எண்ணை அழித்துவிட்டு மிஷினைப் பெட்டியில் வைத்தேன்.

செப்டம்பர் 8, திங்கள்

இப்போதுதான் எழுத உட்கார முடிந்தது. இடம் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி வராந்தா.

காலையில் பட்டறைக்குப் போனவரை ஆட்டோவில் வைத்துக் கூட்டிவந்தார்கள். ஒரு காயிலைத் தானே கட்டிப் பார்க்கிறேன் என்று உட்கார்ந்தாராம். கட்டக் கட்டக் கை ஓய்ந்து, தலை சுற்றி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டாராம். கட்டிலில் படுக்கவைத்தேன். வலக்கையில் பட்டையைச் சுற்றினேன். நூற்று அறுபத்தெட்டு.

இவர் கண்ணை மூடிக்கொண்டே, "நாகமணியக் கூப்புடு" என்றார்.

கூப்பிட்டேன். அந்த நேரத்தில் எனக்கு ரோஷம் வரவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. வந்தது. அதோடுதான் கூப்பிட்டேன்.

ஆஸ்பத்திரிச் சீருடையோடு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அவளுடைய மிஷினைப் போட்டுப் பார்த்துவிட்டு, "நூத்திப் பன்னெண்டுதானுங்க இருக்குது. எறங்கிப்போச்சு, அதான் தலை சுத்துது. உப்புத் தண்ணி கலக்குங்கக்கா" என்றாள்.

"உப்பா? இப்பத்தான் பாத்தேன், நூத்தி அறுபத்தெட்டு."

"அது எப்படிங்க அத்தனை இருக்கும்? என்ற கண்ணு முன்னாடிதானுங்களே காட்டுது."

"நான் பொய் சொல்றனா?"

"பொய்யின்னு சொல்லலீங்க. உங்க கைக்கு எப்பவுமே கொஞ்சம்…"

"என் கைக்கு என்ன?"

அவள் தன் மிஷினின் பட்டையைச் சுருட்டத் தொடங்கினாள். எத்தனையோ நாளாக இந்த வீட்டில் எல்லோரும் சொல்லாமல் இருந்தது அதுதான். ஒருத்தி உப்பைக் கொடு என்கிறாள், ஒருத்தி கொடுத்தால் செத்துப்போவார் என்கிறாள். நடுவில் இவர் வியர்த்துக் கிடக்கிறார்.

"பாரு. என் முன்னாடியே பாரு" என்று நான் என் மிஷினை எடுத்து வலக்கையில் கட்டினேன். அவளும் விடவில்லை. ஜன்னல் பக்கம் போய் மறுகையில் அவளுடையதைக் கட்டினாள். இரண்டு பட்டையும் ஒரே நேரத்தில் இறுகின.

இவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். "சென்னிமலை முருகனுக்குத்தான் ரெண்டு பக்கமும் ரெண்டு பேரு நிப்பாங்க" என்றார். இவர் பெயரே சென்னியப்பன். யாரும் சிரிக்கவில்லை.

என் பக்கம் நூற்று அறுபத்தாறு. அவள் பக்கம் நூற்றுப் பதினான்கு.

நாங்கள் இவருக்கு மேலாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நாகமணியின் முகம் வெளுத்துவிட்டது. இரண்டு மணிக்கட்டையும் ஒரே நேரத்தில் பிடித்து நாடி பார்த்தாள்.

"அக்கா, இந்தக் கையில நாடியே சன்னமா இருக்குதுங்க. நீங்க எப்பவும் அந்தக் கையிலயாங்க பாப்பீங்க?"

"ஆமா. வலக்கையில."

"நான் எப்பவும் இக்கட்ட, இடக்கையிலதானுங்க…" என்றவள் பாதியில் நிறுத்தி, ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். வழி முழுக்கப் பின்னால் இவர் தலைமாட்டில் நான், கால்மாட்டில் அவள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார் டாக்டர். இடக்கைக்குப் போகும் பெரிய குழாய் ஒன்று. அதிலிருந்து கிளம்பி நெஞ்சுக்குள் இறங்கும் சின்னக் குழாயைத்தான் ஆபரேஷனில் இதயத்துக்குத் திருப்பி விட்டிருக்கிறார்கள். இப்போது அந்தப் பெரிய குழாயின் வாசலிலேயே அடைப்பு. அதனால் இடக்கையில் பிரஷர் குறைவாகத் தெரிகிறது. அந்தக் கை கடினமாக வேலை செய்யும்போது, இதயத்துக்குப் போக வேண்டிய இரத்தத்தையும் கை இழுத்துக்கொள்கிறது. நிஜமான பிரஷர் வலக்கையில் தெரிவதுதான். அது இவ்வளவு நாளும் ஏறியே இருந்திருக்கிறது.

"போன தடவை நாங்களும் ரெண்டு கையிலயும் பாத்திருக்கணும்" என்றார். பிறகு, "வீட்ல யாரும் வலக்கையில பாக்கவே இல்லையாம்மா?"

"பாத்தங்க சார்."

"எவ்வளவு இருந்துச்சு?"

"நூத்தி ஐம்பதுக்கு மேல."

"தினமுமா?"

"தினமும்."

அவர் பேனாவை மூடினார். "அத ஏம்மா அன்னைக்குச் சொல்லல?"

நான் வரலாறு நடத்துகிறவள். ஏன் என்ற கேள்விக்கு ஐந்து காரணம் எழுதச் சொல்லிப் பிள்ளைகளுக்குப் பழக்கியவள். "தோணலீங்க" என்றேன். பக்கத்தில் இருந்த நாகமணி தரையைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது.

இதையும் எழுதிவிடுகிறேன். அந்தப் படத்தை டாக்டர் போட்டுக் காட்டி, நிஜமானது வலக்கை என்று சொன்ன அந்த நொடியில் எனக்குள் முதலில் வந்தது பயம் இல்லை. அப்பாடா என்றிருந்தது. நான் இல்லை, குழாய்தான். நாகமணியின் சிரிப்பு இல்லை, குழாய்தான். இவருடைய நெஞ்சில் இன்னொரு அடைப்பு என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது.

பயம் வராந்தாவுக்கு வந்த பிறகு வந்தது.

செப்டம்பர் 11, வியாழன்

கை வழியாகக் கம்பி விட்டு, அடைப்பை விரித்து ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். இரண்டு கைகளிலும் நாடி ஒன்றுபோல இருக்கிறது. நான்கூட விரல் வைத்துப் பார்த்தேன்.

செப்டம்பர் 17, புதன்

வீட்டில். புது மாத்திரை ஒன்று கூடியிருக்கிறது. புரட்டாசி பிறந்துவிட்டது. வீட்டைக் கழுவிவிட்டேன்.

தைரியமாகப் பட்டையைச் சுற்றினேன். இனி எந்தக் கையாக இருந்தாலும் ஒன்றுதான். நூற்று நாற்பது.

வீடு கழுவிய ஈரம், நடமாட்டம், மாத்திரை இன்னும் பிடிக்கவில்லை. காரணம் எத்தனையோ இருக்கும்.

செப்டம்பர் 19, வெள்ளி

நாகமணி மணிக்கட்டுக் காயத்தைப் பார்க்க வந்தாள். நான்தான் வரச் சொன்னேன். ஸ்டூலை எடுக்கப் போனவள் தயங்கி, "நீங்களே பாருங்கக்கா" என்றாள்.

"நீ பாரு. வலக்கையிலயே பாரு."

எனக்கு நிரூபணம் வேண்டியிருந்தது. அவள் பார்த்தாலும் நூற்று நாற்பது வர வேண்டும். அதற்காகப் பக்கத்திலேயே நின்றேன். அவள் பட்டையைச் சுற்றிக்கொண்டே, ஆஸ்பத்திரிக்கு நாய்க்கடி ஊசிக்கு வந்த ஒருவர் நாயையும் கூட்டிவந்து நிறுத்தி, இதுக்கும் ஒரு ஊசி போட்டு உடுங்க என்று சொன்னதைச் சொன்னாள். இவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பட்டை தளர்ந்தது.

நூற்று இருபத்தாறு.

அவள் எண்ணை வாய்விட்டுச் சொல்லவில்லை. மிஷினை என் பக்கம் திருப்பி வைத்தாள். "மத்தியானம் பாத்தா மாறுமுங்க" என்றாள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

அன்று மத்தியானம் நான் பார்த்தும் மாறவில்லை, அதே நூற்று நாற்பது. நேற்று நாகமணியும் நானும் அடுத்தடுத்துப் பார்த்தோம், அப்போதும் மாறவில்லை. அதே கை, அதே மிஷின், அதே நாற்காலி. குழாய் சரியாகிவிட்டது. மிச்சம் இருப்பது நான்தான்.

கேட்டுவிட்டேன். காலுறை போட்டுவிடும்போது, குனிந்தபடியே. "நான் பாத்தா ஏன் ஏறுது?"

"அத உடு சுகந்தி."

"சொல்லுங்க. அவ மேல ஆசைன்னாலும் சொல்லுங்க."

"அட, லூசு" என்றார். என் தோளில் இருந்த கையை எடுக்கவில்லை. பிறகு சொன்னார். "நீ மிஷினப் பாக்கறதில்ல. என்ற மூஞ்சியப் பாக்கற. பாத்ரூம்ல கெடந்தப்ப ஒரு பார்வை பாத்தயே, அதே பார்வை. பட்டை இறுக்க இறுக்க நானும் அந்த ஈரத்துல போய்ப் படுத்துக்கறன். அவ அதப் பாக்கல. அவளுக்கு நான் பழைய மச்சான்தான்."

"நான் அப்படியா பாக்கறேன்?"

"நீ பாக்கறது உனக்குத் தெரியாது."

அன்று நான் மட்டும் இருந்தேன் என்பதை என் பெருமையாக வைத்திருந்தேன். இவருக்கு அது அப்படி இல்லை.

செப்டம்பர் 23, செவ்வாய்

முகத்தைப் பார்க்காமல் மிஷினை மட்டும் பார்த்தேன். நூற்று முப்பத்தெட்டு.

"நீ பாக்காம இருக்கறதும் தெரியுது" என்றார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். திரும்ப எடுத்தேன். நூற்று முப்பத்தேழு.

செப்டம்பர் 29, திங்கள்

செக்கப். அந்தப் பெண் இன்று இரண்டு கைகளிலும் பார்த்து எழுதிக்கொண்டாள். அங்கே நூற்று முப்பத்து நான்கு. டாக்டர் கொஞ்சம் யோசித்தார். மாத்திரை கூட்டலாமா என்று யோசிக்கிறார் என்று தெரிந்தது.

"வீட்ல எவ்வளவும்மா?"

இவர் என் பக்கம் திரும்பவில்லை. மருந்துப் பையின் காதைப் பிடித்துக்கொண்டேன்.

"ரெண்டு கணக்கு இருக்குங்க சார்."

"இன்னும் ரெண்டா? கை ரெண்டும் சரியாயிருச்சே."

"கை ஒண்ணுதாங்க. நான் பாத்தா நூத்தி முப்பத்தெட்டு. இவரோட மாமன் மகள் பாத்தா நூத்தி இருபத்தாறுக்குள்ள. அதே மிஷின். அதே நேரம். மாத்தி மாத்திப் பாத்துட்டங்க."

எழுதிக்கொண்டிருந்த பெண் தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பா இல்லையா என்று நான் பார்க்கவில்லை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றி, முதலில் இவரைப் பார்த்தார், பிறகு என்னை.

"நல்லவேளை சொன்னீங்க. உங்க நம்பர வெச்சு மாத்திரை கூட்டினா, மத்த நேரம் எல்லாம் இறங்கிப்போய் இவர் எங்கயாவது விழுந்துருவாரு. இவரு சாதாரணமா இருக்கறப்ப என்ன இருக்கோ அதுதான் எனக்கு வேணும்." கண்ணாடியைத் துடைத்தார். "கொஞ்ச நாளைக்கு அவங்களையே பாக்கச் சொல்ல முடியுமாம்மா?"

"சொல்றங்க" என்றேன்.

கிணத்துக்கடவு தாண்டியதும் இவர், "அத்தனை பேரு முன்னாடி ஏன் சொன்ன?" என்று கேட்டார்.

"கேட்டாங்க. சொன்னேன்."

வீட்டுக்கு வந்து, இவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டு, நாகமணிக்குப் போன் செய்தேன். இவருக்குக் கேட்கும் தூரத்தில் நின்றுதான் செய்தேன்.

"நாளையிலிருந்து காலையில முன்னமாதிரி வந்துரு நாகமணி. டாக்டர் உன்னத்தான் பாக்கச் சொல்றாரு."

"அக்கா, நெசமாத்தான் சொல்றீங்களா?"

"நெசமாத்தான்."

"அப்ப நீங்களும் பக்கத்துல இருங்கக்கா."

"இல்ல. அந்த நேரம் நான் பால் வாங்கப் போயிருவேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பால்காரர் பதினெட்டு வருஷமாக எங்கள் வாசலுக்கே வந்து ஊற்றிவிட்டுப் போகிறார். இவர் அதைச் சொல்லவில்லை.

"செரி, மெதுவாவே போய்ட்டு வா" என்றார்.